நாடக நெறியாளர், ஆசிரியர், எழுத்தாளர்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாடகமும் அரங்கியலும் பாடத்தைத் தெரிவுசெய்ய விரும்பும் மாணவர்களும், அவர்களைவிட அதிகமாகக் கவலைப்படும் பெற்றோரும், புதிதாக நாடகம் பழக்கத் தொடங்கியிருக்கும் இளம் ஆசிரியர்களும் என்னிடம் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன். கொழும்பில் நெடுங்காலமாகப் பாடசாலையில் கற்பித்துக்கொண்டு, மாலையில் நாடகம் நெறிப்படுத்திக்கொண்டு, இரவில் எழுதிக்கொண்டு இருப்பவரின் விடைகள் இவை. வேறிடங்களில் நிலைமை வேறாக இருக்கலாம்.

நெறியாளர் உண்மையில் என்ன வேலை செய்கிறார்?

வசனத்தை மனனம் செய்யவைத்து, "நீ இந்தப் பக்கத்தால் வா, நீ அந்தப் பக்கத்தால் போ" என்று சொல்லிக்கொடுப்பவரே நெறியாளர் என்று பலர் எண்ணுகின்றனர். அந்த வேலையும் உண்டு. ஆனால் அது முதல் சில வாரங்களில் முடிந்துவிடும். அதன்பின் நெறியாளரின் பெரும்பொழுது பார்ப்பதிலும் கேட்பதிலுமே கழிகிறது.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். வெள்ளவத்தையில் கடலோர ரயில் பாதைக்கு அருகே ஒரு வகுப்பறையில் மாலை 4 மணிக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். மகள் பாத்திரத்தில் நடித்த மாணவி, தாயிடம் "அம்மா, அண்ணா இனி வரமாட்டார்" என்று சொல்லவேண்டும். அந்த ஒரு வரியை அழுதும், கத்தியும், தலையைக் குனிந்தும் பல நாட்கள் சொல்லிப் பார்த்தோம், எதுவும் பொருந்தவில்லை. அன்று அவள் "அம்மா" என்று தொடங்கியபோது காலி நகரை நோக்கிப் போகும் ரயில் இரைச்சலோடு வந்துவிட்டது. அவள் பேச்சை நிறுத்தி, மேசையில் இருந்த தேநீர்க் கோப்பையை மூடியிருந்த சிறு தட்டை விரலால் சரிசெய்தபடி காத்திருந்தாள். கடைசிப் பெட்டியும் போனபின் மீதி வரியைத் தாழ்ந்த குரலில், ஏறத்தாழ ஒரு செய்தியைப் போலச் சொன்னாள். தாயாக நடித்த பிள்ளை தன்னை அறியாமலே அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மௌனத்தையும் தட்டையும் நாடகத்தில் அப்படியே வைத்துக்கொண்டோம். அந்தக் காட்சியை நான் உருவாக்கவில்லை; தற்செயலாக வந்ததைக் கண்டு, போகவிடாமல் பிடித்துவைத்தேன். நெறியாள்கையில் பாதி இவ்வளவுதான்.

நெறியாளர், ஆசிரியர், எழுத்தாளர் என்று மூன்று வேலைகளையும் ஒருவரே ஏன் செய்யவேண்டும்?

இது ஆள் பற்றாக்குறையால் வந்த நிலை என்று சிலர் வருந்துவதுண்டு. ஆள் பற்றாக்குறை உண்மைதான். ஆயினும் எங்கள் மரபில் இவை ஒருபோதும் தனித்தனி வேலைகளாக இருந்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

மட்டக்களப்புக் கூத்தின் அண்ணாவியாரை எண்ணிப் பாருங்கள். ஊரில் யார் யாருக்கு எந்தப் பாத்திரம் பொருந்தும் என்று முடிவுசெய்து, அவரவர்க்குரிய பாட்டும் வசனமும் எழுதிய பகுதியைக் கையளிக்கும் சட்டங்கொடுத்தல் அவருடைய முன்னிலையிலேயே நடக்கும். அதன்பின் மாதக்கணக்கில் இரவுகளில் தாளக்கட்டுச் சொல்லி ஆட்டம் பழக்குவார். கூத்தர்கள் காலில் சதங்கை கட்டும் சடங்கான சதங்கை அணிதல் ஆகி, அரங்கேற்றத்தன்று களரி என்னும் வட்ட ஆடுகளத்தில் மத்தளத்தோடு நின்று கூத்து முழுவதையும் நடத்துவார். ஒரு கூத்தர் தடுமாறினால் மத்தளத்தை ஓர் ஆவர்த்தனம் கூடுதலாக அடித்து அவருக்கு மூச்சு வாங்க இடம் கொடுப்பார். தேவைப்படும் இடத்தில் பாட்டைத் திருத்துவார், புதிதாகவும் கட்டுவார். இன்று நாம் நெறியாளர், பயிற்சியாளர், பிரதியாளர் என்று பிரித்துப் பெயரிடும் வேலைகளுக்கெல்லாம் அவர்களிடம் அண்ணாவியார் என்ற ஒரே சொல்தான் இருந்தது.

ஆகவே பாடசாலையில் கற்பிப்பதால் நாடகம் செய்ய நேரம் கிடைக்கவில்லை என்று புதிய ஆசிரியர்கள் குறைப்படும்போது, கற்பிப்பதையும் நாடக வேலையாகவே எண்ணிப் பாருங்கள் என்பேன். அவர்கள் பெரும்பாலும் நம்புவதில்லை.

இந்த வழியில் எங்களுக்கு முன்னே நடந்தவர்கள் யார்?

கொழும்பிலிருந்தே தொடங்கலாம். கலையரசு க. சொர்ணலிங்கம் (1889–1982) தமிழகத்து நாடக ஆசிரியர் பம்மல் சம்பந்த முதலியாரைத் தம் குருவாகக் கொண்டவர். 1913இல் கொழும்பில் தோன்றிய லங்கா சுபோத விலாச சபையின் முதன்மையான கலைஞர் அவர். நடிகராகவும் நெறியாளராகவும் நாடகம் பழக்குபவராகவும் நெடுங்காலம் வாழ்ந்த பின், தம் அனுபவங்களை 'ஈழத்தில் நாடகமும் நானும்' என்று 1968இல் நூலாக எழுதினார். அதைப் படிக்காமல் நெறியாள்கைக்கு வருபவர்களைக் கண்டால் எனக்குச் சற்றே கோபம் வரும்.

பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை பல்கலைக்கழக மாணவர்களுக்காக யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் நாடகங்களை எழுதினார். அவை 'நானாடகம்', 'இருநாடகம்' என்று நூலாயின. வீட்டில் பேசும் தமிழை மேடையில் பேசலாம் என்பது அக்காலத்தில் துணிச்சலான முடிவு. அவருக்குப்பின் பேராசிரியர் சு. வித்தியானந்தன், ஊர்களில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு சுருக்கி, நவீன மேடைக்கு ஏற்ப அமைத்தார். 1962இல் 'கர்ணன் போர்', அதன்பின் 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' என்று அவை தொடர்ந்தன. பேராசிரியர் அங்கே அண்ணாவியாரின் இடத்தைப் பறித்துக்கொள்ளவில்லை; அண்ணாவியாரையே வரவழைத்து மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கவைத்தார். ஊரில் எழுத்தறிவு குறைந்தவராகக் கருதப்பட்ட ஒரு கலைஞர், பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக நின்ற காட்சியை நான் அடிக்கடி கற்பனை செய்வதுண்டு.

'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னர் நெறியாளராகவும் பேராசிரியராகவும் ஆய்வாளராகவும் ஆகி, மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆய்ந்து நூல் எழுதியதோடு, அதே 'இராவணேசன்'ஐ மீண்டும் மீண்டும் புதிதாக மேடையேற்றினார். 1960களின் இறுதியிலும் 70களிலும் கொழும்பு மேடை மிகவும் சுறுசுறுப்பாக இருந்தது. கவிஞர் மஹாகவி செய்யுளில் எழுதிய 'புதியதொரு வீடு' பா நாடகத்தை அ. தாசீசியஸ் நெறிப்படுத்தினார், நா. சுந்தரலிங்கம் 'அபசுரம்', 'விழிப்பு' போன்ற நாடகங்களை எழுதினார்.

யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். பாடசாலை ஆசிரியராக இருந்த அவர் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் மேடையேறியது. ஒரு நாடகத்தைப் பார்க்க ஊரே திரளக்கூடும் என்பதை அப்போதைய தலைமுறை கண்ணால் கண்டது. இவர்களுள் எவரும் நாடகத்தை மட்டும் செய்தவர் அல்லர் என்பதைக் கவனியுங்கள்.

எங்கே படிக்கலாம்?

க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாக உள்ளது. பட்டப்படிப்பைத் தமிழில் தொடர விரும்புபவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கோ, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் மட்டக்களப்புக் கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கோ போகின்றனர். கொழும்புப் பிள்ளைகள் இதற்காக ஊர் மாறவேண்டியிருப்பது ஒரு குறைதான். ஆனால் கூத்தைப் புத்தகத்தில் படித்துவிட்டு வருபவருக்கும், மட்டக்களப்பில் ஓர் இரவு களரியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டு வருபவருக்கும் உள்ள வேறுபாடு அவர்கள் மேடையில் நடக்கத் தொடங்கும்போதே தெரிந்துவிடும்.

இதை வைத்துப் பிழைக்க முடியுமா?

பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி இதுதான். மாணவரை வெளியே அனுப்பிவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்பார்கள். நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: கொழும்பில் தமிழ் மேடை நாடகத்தின் நுழைவுச்சீட்டு வருமானத்தால் குடும்பம் நடத்தும் நெறியாளர் எவரையும் நான் அறியேன். மண்டப வாடகை, ஒளி, ஒலி, ஒப்பனை, உடை, ஒத்திகை நாட்களின் தேநீரும் பணிசும், இரவு வெகுநேரமானால் பெண்பிள்ளைகளை வீடு சேர்க்கும் ஓட்டோக் கூலி என்று கணக்குப் பார்த்தால், இரண்டு காட்சிகள் நிறைந்தாலும் கையில் மிஞ்சுவது சொற்பம். பற்றாக்குறையை, நாடகத்தையொட்டி அச்சிடும் சிறப்பு மலரின் விளம்பரங்களே நிரப்புகின்றன. அதற்காகச் செட்டியார் தெரு நகைக்கடைகளின் படிகளில் ஏறி இறங்குவதும் நெறியாளரின் வேலைதான். சில கடைக்காரர்கள் நாடகம் எதைப் பற்றியது என்று கேட்பார்கள். பெரும்பாலானவர்கள் பின்னட்டை காலியாக உள்ளதா என்று மட்டும் கேட்பார்கள்.

வயிற்றுப்பாட்டுக்கு ஆசிரியத் தொழில் இருக்கிறது. வானொலி, தொலைக்காட்சிக் குரல் வேலைகள், பயிற்சிப் பட்டறைகள், மொழிபெயர்ப்பு ஆகியவையும் இடையிடையே கைகொடுக்கும். ஆசிரியர் நியமனம் கிடைத்த பின் நாடகத்தை விட்டுவிடலாம் என்று பெற்றோர் மனத்துக்குள் திட்டமிடுவது எனக்குத் தெரியும். பல மாணவர்கள் அப்படி விட்டும் இருக்கின்றனர். அதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன்.

பாடசாலையில் நாடகம் கற்பிப்பது என்பது போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்வதுதானே?

பாடசாலைகளுக்கிடையிலான தமிழ்மொழித் தினப் போட்டி நெருங்கும்போது அப்படித்தான் தோன்றும். அதிபருக்கு வெற்றிக் கிண்ணம் வேண்டும். பெற்றோருக்குத் தம் பிள்ளை நடுவில் நிற்கவேண்டும். ஆசிரியருக்கு நித்திரை வேண்டும்.

நான் தொடங்கிய காலத்தில் செய்த பெருந்தவறும் இங்கேதான் நேர்ந்தது. நேரமில்லை என்ற பதற்றத்தில் ஒவ்வொரு பாத்திரத்தையும் நானே நடித்துக் காட்டி, அதைப் பார்த்து அப்படியே செய்யச் சொன்னேன். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்; எள்ளளவும் பிசகாமல் செய்தார்கள். போட்டி முடிந்தபின் முதிய நாடகக்காரர் ஒருவர் என்னருகே வந்து, "நல்லாய் நடிச்சியள், ஏழு பேரும் நீங்கள்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். முதலில் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் பொருள் விளங்கியது.

அதன்பின் நான் மேடையில் ஏறி நடித்துக் காட்டுவதில்லை. முதல் சில வாரங்கள் விளையாட்டிலேயே கழியும். கண்ணை மூடிக்கொண்டு நண்பனின் குரலைத் தொடர்ந்து நடப்பது, இல்லாத கயிற்றை இரண்டு அணியாக இழுப்பது, ஒரே வாக்கியத்தை அதிபரிடமும் ஆச்சியிடமும் கடைக்காரரிடமும் சொல்வது போன்றவை அவை. சிறுவர் அரங்கில் விளையாட்டே முதற்பாடம் என்பதை 'கூடி விளையாடு பாப்பா' தந்த சண்முகலிங்கம் போன்றவர்கள் எங்களுக்கு முன்பே காட்டியிருக்கிறார்கள். வாய் திறவாத பிள்ளையை அரங்கின் ஓரத்தில் மரமாக நிறுத்துவது பழைய வழக்கம். அந்தப் பிள்ளையிடமே மத்தளத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

நாடகம் எழுதும்போது எந்தப் பேச்சுவழக்கைப் பயன்படுத்துவது?

கொழும்பில் எழுதுபவருக்கு இதைவிடக் கடினமான கேள்வி இல்லை. கணபதிப்பிள்ளைக்கு யாழ்ப்பாணத் தமிழ் கைக்கு எட்டியபடி இருந்தது. என் வகுப்பறையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை "ஓம்" என்கிறது, மலையகப் பிள்ளை "ஆமா" என்கிறது, மட்டக்களப்புப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் வேறு வேறு இழுவைகள் உண்டு. கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளையோ எல்லாவற்றையும் கலந்து, நடுவில் ஒரு சிங்களச் சொல்லையும் போட்டுப் பேசுகிறது.

எல்லாருக்கும் பொதுவாக ஒரு மேடைத் தமிழை வைத்துக்கொண்டால் சிக்கல் தீரும் என்று நினைத்து அப்படியும் எழுதிப் பார்த்தேன். பாத்திரங்கள் அனைவரும் செய்தி வாசிப்பவர்களைப் போலப் பேசத் தொடங்கினர். இப்போது நான் செய்வது வேறு. முதலில் நடிகர்களைத் தெரிவுசெய்துகொண்டு, அவரவர் வாய்க்கு ஏற்ப எழுதுகிறேன்; எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, அவர்கள் தாமாக மாற்றிச் சொல்லும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்கிறேன். ஒரு குடும்பத்தில் எல்லாரும் ஒரே வழக்கில் பேசவேண்டியிருந்தால், அந்த வழக்குக்குரிய ஒரு பிள்ளையை மற்றவர்களுக்கு ஆசிரியராக்கிவிடுவேன். மலையகப் பிள்ளை ஒருத்தி, கொழும்புப் பிள்ளைகள் நால்வருக்குத் தன் பாட்டி கோபத்தில் பேசுவதைப் பழக்கிய அந்த வாரத்தில்தான் அவள் முதன்முறையாக வகுப்பில் உரத்துப் பேசினாள்.

செந்தமிழுக்கு இடமே இல்லையா என்று தமிழாசிரியர்கள் கேட்பார்கள். அரசர், தெய்வம், கட்டியகாரன் வரும் நாடகத்தில் செந்தமிழ் கம்பீரமாக ஒலிக்கும். வெள்ளவத்தை மாடிவீட்டில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசும்போது அது ஒலிக்காது.

மொழிபெயர்ப்பு நாடகம் செய்வது தகுமா?

தகும். க. பாலேந்திரா முதலியோர் 1978இல் தொடங்கிய அவைக்காற்று கலைக் கழகம், அமெரிக்க நாடகாசிரியர் டென்னஸி வில்லியம்ஸின் நாடகத்தைக் 'கண்ணாடி வார்ப்புகள்' என்றும், ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்டின் நாடகத்தை 'யுகதர்மம்' என்றும் தமிழில் தந்தது. நல்ல பிரதிக்குக் காத்திருந்து காலம் கழிப்பதைவிட, பிறமொழி நாடகம் ஒன்றை மேடையேற்றிப் பழகுவது நெறியாளருக்கு நன்று. பாத்திரங்களின் பெயரை மட்டும் கந்தசாமி, செல்லம்மா என்று மாற்றிவிட்டு ஈழத்து நாடகம் என்று விளம்பரம் செய்வதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கொழும்பில் எங்கே மேடையேற்றுவது? அனுமதி வேண்டுமா?

1953இல் திறக்கப்பட்ட லயனல் வென்ட் அரங்கு, ஏறத்தாழ 600 பேர் அமரக்கூடியது. மெதுவாகச் சொன்ன சொல்லும் பின்வரிசை வரை போகும். வாடகையும் முன்பதிவுப் போட்டியும் எங்களைத் தயங்கவைக்கும். எனவே தமிழ் நாடகங்கள் பெரும்பாலும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மண்டபங்களை நாடுகின்றன. 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் மண்டபம் பலருக்கு முதல் மேடையாக இருந்திருக்கிறது.

பல மண்டபங்கள் கல்யாணத்தை நம்பி வாழ்பவை என்பதை மறவாதீர்கள். பெயர் சொல்ல விரும்பாத ஓரிடத்தில், நாங்கள் முற்பணம் கட்டியிருந்த மாலைப்பொழுதை ஒரு வரவேற்பு விருந்துக்கும் கொடுத்துவிட்டனர். மேல்தளத்தில் எங்கள் பாத்திரம் சாகும் காட்சியில் கீழ்த்தளத்திலிருந்து நாதஸ்வரம் ஒலித்தது. பார்வையாளர்கள் பண்பாளர்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. பிணமாகக் கிடந்த நடிகர்தான் சிரித்துவிட்டார். ஆகவே முன்பதிவின்போது அன்றைய தினம் மண்டபம் முழுவதும் யார் யாருக்கு என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

அனுமதியைப் பொறுத்தவரை, பொதுமக்களுக்காக மேடையேற்றப்படும் நாடகத்தின் எழுத்துருவை முன்கூட்டியே தணிக்கைக்குச் சமர்ப்பிக்கும் நடைமுறை இலங்கையில் பிரித்தானியர் காலத்துச் சட்டத்திலிருந்து தொடர்ந்து வந்தது. ஒத்திகை தொடங்கும்போதே இதை விசாரித்துவிடுங்கள்.

சிங்கள நாடகத்தோடு எங்களுக்கு என்ன தொடர்பு?

நாம் நினைப்பதைவிட நெருக்கமானது. சிங்களத்தில் 'நாடகம' என்று அழைக்கப்படும் பழைய பாட்டு நாடக வடிவமே கரையோரக் கத்தோலிக்கத் தமிழ்க் கூத்தோடு உறவுடையது. அந்த வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர படைத்த 'மனமே' 1956 நவம்பர் 3ஆம் திகதி லயனல் வென்ட் அரங்கில் மேடையேறியது. அதன் வெற்றி, பேராதனையில் அவரோடு பணியாற்றிய வித்தியானந்தனைத் தமிழ்க் கூத்தின் பக்கம் மேலும் ஊக்கத்தோடு திருப்பியது. தமிழ்க் கூத்திலிருந்து போன ஒன்று சிங்கள மேடை வழியாகச் சுற்றிவந்து தமிழ்க் கூத்துக்கே புத்துயிர் கொடுத்தது. பின்னாளில் பராக்கிரம நிரியெல்ல முதலியோர் தொடங்கிய ஜனகரலிய நடமாடும் அரங்கு, சிங்கள நடிகர்களையும் தமிழ் நடிகர்களையும் ஒரே கூடாரத்தில் வைத்து இரு மொழிகளிலும் நாடகம் ஆடியது. என் மாணவர்களை நான் சிங்கள நாடகங்களுக்கு அழைத்துச் செல்வேன். மொழி விளங்காத நாடகத்தில்தான் உடலைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

எழுதிய நாடகங்களை நூலாக வெளியிடவேண்டுமா?

வேண்டும், ஆனால் மேடையேறிய பின். ஒத்திகைக்கு முன் அச்சிட்ட பிரதியில் எழுத்தாளர் மட்டுமே இருப்பார். வெளியிட வசதியில்லாதவர்கள், நெறியாள்கைக் குறிப்புகள் எழுதிய பிரதியையாவது படியெடுத்து நம்பிக்கையான இடத்தில் ஒப்படைக்கலாம். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைக்கும் 'நூலகம்' என்ற திட்டம் போன்ற முயற்சிகள் இருக்கின்றன. ஒரு மழைக்கும் ஒரு வீடு மாற்றத்துக்கும் நான் இழந்த பிரதிகள் ஆறு.

அச்சில் போடும்போது குறிப்புகளைக் கவனமாக எழுதுங்கள். முதலில் சொன்ன அந்த நாடகம் நூலானபோது, "அம்மா" என்ற சொல்லுக்குப்பின் அடைப்புக்குறிக்குள் "நீண்ட மௌனம், கோப்பையின் தட்டைச் சரிசெய்கிறாள்" என்று மட்டும் எழுதியிருந்தேன். இரண்டு ஆண்டுகளின்பின் மட்டக்களப்பிலிருந்து ஓர் இளம் ஆசிரியை தொலைபேசியில் அழைத்து, "சேர், அந்த மௌனம் எவ்வளவு நேரம்? பிள்ளை கேட்குது" என்றார். எத்தனை பெட்டிகள் என்று எனக்கு ஞாபகமில்லை என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. முழுக் கதையையும் சொல்லவேண்டியதாயிற்று.